தேர் முதலா, பூசை முதலா? – சூழல் வழக்குகளின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும் பெருவழியில், மதுராந்தகத்தை அடுத்து அமைந்திருப்பது அச்சரப்பாக்கம். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். அச்சு இறுபாக்கம், அதாவது அச்சு முறிந்த ஊர் என்பதே இப்பெயரின் மூலம் என்று தலபுராணம் கூறும். திரிபுரத்தை எரிப்பதற்காகச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டார். பூமியே தேர்த்தட்டு, ஞாயிறும் திங்களும் சக்கரங்கள், நான்மறைகள் குதிரைகள், நான்முகனே சாரதி. இத்தனை சிறப்புடைய தேர் இவ்வூரருகே வந்ததும் அச்சு முறிந்து நின்றது. முதற்பூசைக்குரிய விநாயகரை வணங்காமல் புறப்பட்டதே காரணம்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திரிபுரத்தை எரிக்கலாமா கூடாதா என்ற கேள்வியை விநாயகர் எழுப்பவில்லை. அப்பயணத்தின் நோக்கத்தோடு அவருக்குப் பிணக்கில்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் புறப்பட்டது ஏன் என்பது மட்டுமே அவர் கேட்ட கேள்வி. புறப்பட்டவர் தம் தந்தையே ஆயினும் கேள்வி மாறவில்லை.

அரசின் திட்டங்களை நீதிமன்றங்கள் ஆராயும் முறைக்கு நீதிப் புனராய்வு என்று பெயர். அதன் இயல்பை விளக்க இதைவிடப் பொருத்தமான கதை நம்மிடம் இல்லை என்றே தோன்றுகிறது. அச்சரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஏரி நாட்டையும், கிழக்கே மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையையும் மையமாகக் கொண்டு, சூழல் வழக்குகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

ஏரிகளும் ஒரு கவுலும்

இப்பகுதியை ஏரி நாடு என்பது மிகையன்று. பாலாற்றையும் கிளியாற்றையும் தவிர்த்தால் இங்கே உழவுக்கு ஆதாரம் ஏரிகளே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்கான சான்றாகப் பாடநூல்களில் பயின்றிருக்கிறோம். அக்கல்வெட்டுகள் பேசும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதையும், முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவை விதித்திருப்பதையும் அந்த அளவுக்கு நினைவில் வைத்திருப்பதில்லை. பொது நீரின்மீது அதிகாரம் செலுத்துபவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு வருவோம். 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வரும் ஆங்கிலேய அதிகாரி இவரே. பெருமழை இரவொன்றில் கரையைக் காக்க வில்லேந்தி நின்ற இருவரை அவர் கண்டார் என்பது ஊர் வழக்கு. கதையை ஒருபுறம் வைப்போம். இதே பிளேஸ் வேடந்தாங்கல் ஊராருக்கு வழங்கிய ஆவணம் ஒன்று உண்டு. வெள்ளைச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியதை எதிர்த்து ஊரார் முறையிட, பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஏற்றுக் கலெக்டர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார்.

ஊராரின் முறையீட்டுக்குப் பின்னே பறவைகளின்மீதான பரிவோடு உழவுக் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர், பாயும் வயல்களுக்கு உரமாகவும் அமைகிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கவுல் நீதிமன்றத் தீர்ப்பு அன்று. எனினும், ஆளும் தரப்பின் செயலால் பாதிக்கப்பட்ட எளிய மக்கள் முறையிட்டதையும், அதிகாரம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு எழுத்தில் உறுதி அளித்ததையும் அதில் காண்கிறோம். பின்னாளில் இயற்றப்பட்ட சட்டங்கள் செய்ய முயன்றதும் இதைத்தான்.

நீதிமன்றம் எதைக் கேட்கும்?

இந்திய அரசமைப்பின் 226ஆம் கூறு உயர்நீதிமன்றங்களுக்கும், 32ஆம் கூறு உச்சநீதிமன்றத்துக்கும் நீதிப்பேராணை வழங்கும் அதிகாரத்தை அளிக்கின்றன. இவ்வதிகாரத்தின் எல்லை பற்றிப் பொதுமக்களிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. ஒரு சாலை தேவையா, ஒரு துறைமுகம் நல்லதா என்று நீதிபதிகள் தீர்மானிப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

இக்கோட்பாட்டின் புகழ்பெற்ற மூலவழக்கு இங்கிலாந்தின் வெட்னஸ்பரி நகரத்துத் திரையரங்கு ஒன்றைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை அனுமதிக்கக் கூடாது என்று நகராட்சி நிபந்தனை விதித்தது, திரையரங்கு வழக்காடியது. நிபந்தனை நல்லதா என்று தாங்கள் பார்க்கப் போவதில்லை என்று 1947இல் நீதிபதிகள் கூறினர். நகராட்சி கருத வேண்டியவற்றைக் கருதியதா, கருதக் கூடாதவற்றை விலக்கியதா, அறிவுடைய எந்த அமைப்பும் வந்தடைய முடியாத முடிவுக்கு வந்ததா என்பவை மட்டுமே அவர்கள் எழுப்பிய கேள்விகள். இந்திய உச்சநீதிமன்றமும் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில், முடிவை அன்று, முடிவெடுத்த முறையையே ஆராய்வோம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

விநாயகரின் கேள்வியும் இதுவே. ஆனால், முறையைக் கேட்க வேண்டுமானால் முதலில் முறை என்ற ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். 1971இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் கால்வர்ட் கிளிஃப்ஸ் அணுமின் நிலையம் தொடர்பான வழக்கில், சூழல் பாதிப்பைக் கருதுவது வெறும் காகிதச் சடங்காக இருக்கலாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டிக்க முடிந்ததென்றால், அதற்கு முன்பே அந்நாட்டில் ஒரு சூழல் கொள்கைச் சட்டம் இயற்றப்பட்டிருந்ததே காரணம். அதே காலத்தில்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இப்படியொரு கேள்வியை எழுப்ப எவருக்கும் பிடிமானமாகச் சட்டம் ஏதுமில்லை. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்னும் 48-ஏ கூறு 1976இல்தான் அரசமைப்பில் சேர்ந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவிக்கையோ 1994 ஜனவரி 27 அன்றுதான் வெளியாயிற்று.

1996 என்னும் ஆண்டு

கடற்கரைக்குச் சற்று முன்னதாகவே ஒரு விதி கிடைத்துவிட்டது. 1991 பிப்ரவரி 19 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டுமானம் கூடாது என்றது. உல்லாச விடுதிகள் பெருகத் தொடங்கியிருந்த மாமல்லபுரம் கரைக்கு இது எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1994 ஆகஸ்டில், நடுவணரசு அவ்விதியைத் தளர்த்தியது. ஆற்றோரங்களில் 100 மீட்டராக இருந்த தடை 50 மீட்டராயிற்று. கடலோரத் தடை எல்லையைத் தன் விருப்பப்படி தளர்த்தும் அதிகாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டது.

1996 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம் இவ்விரு தளர்வுகளையும் நீக்கியது. வரையறையற்ற அதிகாரம் தன்னிச்சைக்கு வழிவகுக்கும் என்பது அதன் கருத்து. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தவும் வழிகாட்டியது. டிசம்பர் 11 அன்று இறால் பண்ணை வழக்கின் தீர்ப்பு வந்தது. ஓராண்டில் வெளியான இம்மூன்று தீர்ப்புகளும் இந்தியச் சூழல் சட்டத்தின் உருவத்தையே மாற்றின என்று சொல்லலாம்.

இவற்றுள் மூன்றாவது நம் கவனத்துக்குச் சிறப்பாக உரியது. அதைத் தொடுத்தவர் காந்தியரும் கிராம சுயராஜ்ய இயக்கத் தலைவருமான எஸ். ஜெகந்நாதன். கிருஷ்ணம்மாள் அம்மையாரோடு இணைந்து தஞ்சை, நாகைப் பகுதிகளில் நிலமற்றோருக்காக உழைத்தவர். நெல் வயல்களின் அருகே உப்புநீரைத் தேக்கி இறால் வளர்த்ததால் குடிநீர்க் கிணறுகள் உவர்த்ததையும், மீனவர்கள் கரைக்குச் செல்லும் வழி அடைபட்டதையும் அவர் நீதிமன்றத்தின் முன் வைத்தார். மரபான முறையிலும் மேம்படுத்தப்பட்ட மரபு முறையிலும் நடப்பவை தவிர, 500 மீட்டருக்குள் உள்ள இறால் குளங்கள் அனைத்தையும் 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் பணியாளருக்கு நிவாரணமும் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

வரலாறு அத்துடன் முடிந்திருந்தால் இன்று பாராட்டுரை எழுதி முடித்திருக்கலாம். தீர்ப்பு ஆட்சியாளரால் முழுமையாகச் செயல்படுத்தப்படவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. 1991ஆம் ஆண்டின் தடைகள் இறால் வளர்ப்புக்குப் பொருந்தா என்னும் வாசகத்தை அச்சட்டம் அறிவிக்கையில் புகுத்தியது. அதுவும் 1991 பிப்ரவரி 19 முதலே அங்கிருந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்ற விதியோடு. முறை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியதால், அந்த முறையே தொடக்கம் முதல் இருந்ததில்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

விதியை மாற்றுவது நாடாளுமன்றத்தின் உரிமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீதிப் புனராய்வின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. முறையைக் காக்க மட்டுமே நீதிமன்றத்தால் இயலும். அம்முறையைக் காக்க விரும்பும் சமூகம் ஒன்று வெளியே இல்லாவிட்டால் தீர்ப்பின் ஆயுள் குறுகியதே.

எட்டுவழிச் சாலையும் வரிசைச் சிக்கலும்

2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை – சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமாவதற்கு முன் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த நிலப்பரப்பில் தொடங்கி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்தை அடையும் 277 கிலோமீட்டர்ச் சாலை. ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் மதிப்பீடு. வயல்களிலும் தோப்புகளிலும் அளவைக் கற்கள் நடப்பட்டன. உழவர்கள் எதிர்த்தனர், கைதுகள் நிகழ்ந்தன, வழக்குகள் உயர்நீதிமன்றத்தை அடைந்தன.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதியைப் பெற்ற பின்னரே நில எடுப்பில் இறங்கியிருக்க வேண்டும் என்பது அதன் காரணங்களுள் முதன்மையானது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது. நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் கட்டத்திலேயே சூழல் அனுமதி கையில் இருக்க வேண்டியதில்லை. எந்த வழித்தடத்தைத் தேர்வது என்பது நடுவணரசின் கொள்கை முடிவு. ஆனால் அனுமதியின்றிப் பணியைத் தொடங்க இயலாது என்றது. உயர்நீதிமன்ற ஆணையின் ஒரு பகுதியை மட்டும் அது உறுதி செய்தது. எண்ணத்தை அறிவிக்கும் தொடக்க அறிவிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றங்கள் செல்லா, உரியவர்களின் பெயர்களே மீண்டும் எழுதப்பட வேண்டும் என்பதே அது.

இரு நீதிமன்றங்களுக்கும் இடையே வேறுபாடு எங்கே எழுந்தது என்று பார்ப்போம். சூழல் அனுமதி வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபட்டன. அது எந்தப் படியில் வர வேண்டும் என்பதில்தான் வேறுபட்டன. தேர் முதலா, பூசை முதலா என்ற கேள்வி இது. சட்டச் சொற்களின்படி, எண்ணத்தை அறிவிப்பது வேறு, நிலம் அரசுக்கு உரித்தாவது வேறு. ஆனால் தன் கிணற்றருகே கல் நடப்பட்டதைக் கண்ட உழவருக்கு அந்த வேறுபாடு எளிதில் விளங்கக் கூடியதா? அறிவிக்கையில் சர்வே எண் வந்துவிட்ட நிலத்தை விலைக்குக் கேட்பவர் தயங்குவார். கடன் தருபவரும் தயங்குவார். புதிதாகத் தென்னங்கன்று வைக்க உரியவருக்கே மனம் வராது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டாலும் இழந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. அதனால்தான் வரிசை என்பது சட்ட நுணுக்கம் மட்டுமன்று, வாழ்வும் ஆகும் என்கிறோம்.

மீண்டும் வேடந்தாங்கல்

2020ஆம் ஆண்டில் பேசப்பட்ட இன்னொரு செய்தி அச்சரப்பாக்கத்துக்கு மிக அருகில் நிகழ்ந்தது. வேடந்தாங்கல் ஏரியையும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு உட்பட்ட பகுதியையும் 1998இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்திருந்தது. ஏரியின் பரப்போ சுமார் 30 ஹெக்டேர்தான். அப்படியிருக்க இத்தனை பெரிய வட்டம் எதற்கு என்ற கேள்வி எழலாம். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும்; இரை தேடுவதோ சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல் வயல்களிலும். ஏரியை மட்டும் காப்பது, உண்ணச் சோறில்லாத வீட்டுக்குக் காவல் போடுவதை ஒக்கும்.

அந்த 5 கிலோமீட்டரை 3ஆகக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் வெளிவந்தது. வட்டத்துக்குள் இயங்கிவந்த ஆலையின் விரிவாக்கத்துக்காகவே இது என்ற ஐயம் எழுந்தது. பறவை ஆர்வலரும் ஊராரும் எதிர்த்தனர். உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரையின்றிச் சரணாலயத்தின் எல்லையை மாற்ற முடியாது. கேள்வி கேட்பதற்கான இடத்தையும் காலத்தையும் அந்த ஒரு படி உருவாக்கிக் கொடுத்தது. பின்னர் அரசு அம்முன்மொழிவைக் கைவிட்டது. 2022இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

இங்கே இலங்கை உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் எப்பாவல வழக்கில் அளித்த தீர்ப்பை நினைவுகூர்வது பொருந்தும். அனுராதபுர மாவட்டத்தில் பாஸ்பேட் வெட்டியெடுக்க அந்நிய நிறுவனத்தோடு அரசு செய்யவிருந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்காடினர். முறையான தாக்க மதிப்பீடின்றி ஒப்பந்தம் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அவ்வாறு தீர்ப்பளிக்கையில் பண்டைய குளங்களையும் கால்வாய்களையும் பற்றிய வரலாற்றையும், அரசன் நிலத்தின் காவலன் மட்டுமே என்னும் மகாவம்ச மரபையும் நீதிபதி எடுத்துக்காட்டினார். பழைய ஏடு புதிய வழக்கில் சான்றாக நின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டும் வேடந்தாங்கல் கவுலும் அவ்வாறு நிற்கத் தகுதியற்றவையா என்று தமிழ் பயின்ற நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முறிந்த பின் செய்யும் பூசை

வரிசை பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. முன் அனுமதி பெறாமலே தொடங்கிவிட்ட திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி வழங்கலாமா என்பது அதன் இன்றைய வடிவம். பின்னனுமதிக்கு வழிசெய்த 2017ஆம் ஆண்டின் அறிவிக்கையையும் 2021ஆம் ஆண்டின் குறிப்பாணையையும் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2025 மே 16 அன்று ரத்து செய்தது. ஆறு மாதங்களில், நவம்பர் 18 அன்று, மூவர் அமர்வு இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பல்லாயிரம் கோடி ரூபாயில் கட்டியெழுப்பியவற்றை இடிப்பது பொதுநலனுக்கு ஆகாது என்பது பெரும்பான்மையினர் கூறிய காரணங்களுள் ஒன்று. நீதிபதி உஜ்ஜல் புயான் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.

கட்டி முடித்த மருத்துவமனையை இடிக்கச் சொல்வது எளிதன்று என்பதை எவரும் ஒப்புவர். எனினும், கட்டிவிட்டால் இடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒருமுறை வேரூன்றினால் முன் அனுமதியை நாடி எவரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அச்சிறுபாக்கக் கதையின் பிற்பகுதியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அச்சு முறிந்ததும் இறைவன் காரணத்தை உணர்ந்து விநாயகரை வழிபட்டார். தேர் சீராகி மேலே சென்றது. பின்னனுமதிக்குப் புராணத்திலேயே ஆதாரம் இருக்கிறதே என்று ஒருவர் வாதிடக் கூடும். ஆனால் அங்கே தேர் நின்றது. இலக்கை அடையும் முன்னரே, பாதி வழியில், எவருக்கும் இழப்பு நேராத கட்டத்தில் நின்றது. முறிந்ததும் மரத்தாலோ இரும்பாலோ மீண்டும் பூட்டக் கூடிய அச்சே. திரிபுரம் எரிந்து சாம்பலான பின் செய்யும் பூசை அன்று அது. உவர்த்துப்போன கிணற்றையும், தூர்ந்துபோன ஏரியையும், கூடு கட்ட வராமல் வேற்றிடம் போய்விட்ட பறவையையும் ஓர் அலுவலகக் குறிப்பாணை மீட்டுத் தருவதில்லை.

2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கங்களைப் படித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. அவற்றின் நடை பெரும்பாலும் எவருக்கும் புரியாதபடி அமைந்திருக்கிறது. மொழியறிவு உடையோர் செய்யக் கூடிய பணி ஒன்று அங்கே காத்திருக்கிறது. அவற்றைப் படித்து, விடுபட்ட ஏரியின் பெயரையும் ஓடையின் பெயரையும் சுட்டிக்காட்டி, ஊரார்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தால், கேள்வி உரிய காலத்தில் எழும். வழக்கு மன்றத்துக்குப் போக நேர்ந்தாலும் அப்போது கையில் சான்று இருக்கும்.